ரோயல்–தோமியன்: கணக்கு இன்னும் தீராத ஒரு போட்டி

கேள்வி இதுதான்: உலகிலேயே மிக நீண்ட காலமாக விடாமல் நடந்துவரும் பள்ளிக்கூடக் கிரிக்கெட் போட்டி கொழும்பின் ரோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் ஆடும் ரோயல்–தோமியன் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? அது எப்படித் தொடங்கியது, இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது?

முதலில் அந்தப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். உலகிலேயே முதலாவது அது அல்ல, இரண்டாவது. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் பிரின்ஸ் அல்பிரட் கல்லூரியும் சென் பீட்டர்ஸ் கல்லூரியும் 1878 முதல் ஆண்டுதோறும் ஆடுகின்றன. கொழும்புக் கதை 1879-இல் ஆரம்பிக்கிறது. ஒரே ஒரு வருடத்தில் கோட்டைவிட்டோம். இதைக் கொழும்பில் பழைய மாணவர்கள் கூடும் இடத்தில் சொல்லிப் பாருங்கள், பேச்சை உடனே வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

"அப்படியானால் இங்கிலாந்து?" என்று கேட்கலாம். ஈட்டனும் ஹரோவும் 1805-லேயே லோர்ட்ஸில் மோதியவை. கவிஞர் பைரன் அந்த ஆட்டத்தில் ஹரோவுக்கு ஆடினார். கால் ஊனம் என்பதால் அவருக்காக ஓட இன்னொருவர் இருந்தார். தான் 11-உம் 7-உம் எடுத்ததாக நண்பருக்குக் கடிதம் எழுதினார், ஓட்டப் பதிவேட்டிலோ 7-உம் 2-உம் இருக்கிறது. பள்ளிக்கூட ஆட்டத்தின் ஓட்டக் கணக்கில் சண்டை பிடிப்பது அன்றிலிருந்தே இருக்கிற வியாதி போலும். ஆனால் அந்தப் போட்டி ஆரம்ப காலத்தில் ஒழுங்காக நடக்கவில்லை, உலகப் போர்க் காலத்திலும் லோர்ட்ஸ் ஆட்டம் நின்றுபோனது. ஆக, "பழையது" என்றால் ஈட்டன்–ஹரோ, "விடாமல் நடப்பது" என்றால் அடிலெய்ட், அதற்கு அடுத்தபடி கொழும்பு.

சரி, தொடக்கத்துக்கு வருவோம். ரோயல் கல்லூரிக்கு அப்போது அந்தப் பெயரே கிடையாது. 1835-இல் ஜோசப் மார்ஷ் என்ற பாதிரியார் தொடங்கிய சிறு பள்ளியை அடுத்த ஆண்டே அரசாங்கம் ஏற்றுக்கொள்ள, அது கொழும்பு அக்கடமி ஆனது. பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்கள் படித்தது அங்கேதான், போட்டி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. 1881-இல்தான் அது ரோயல் கல்லூரி ஆயிற்று. மறுபக்கம் சென் தோமஸ் கல்லூரி, ஆங்கிலிக்கன் சபையின் பள்ளிக்கூடம். 1851-இல் ஆயர் சப்மன் முகத்துவாரத்தில் நிறுவினார். கல்கிசைக் கடற்கரைக்கு அது இடம்மாறியது 1918-இல். ஒன்று அரசாங்கப் பள்ளி, மற்றது திருச்சபைப் பள்ளி. இரண்டிலும் பறங்கியர், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று கொழும்பின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கலந்து படித்தார்கள். போட்டி இனத்துக்கும் இனத்துக்கும் இடையில் வராமல் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையில் நின்றதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தவர் ஆஷ்லி வோக்கர். கேம்பிரிட்ஜுக்கும் யோர்க்ஷயருக்கும் ஆடியவர், 1870-களில் இலங்கைக்கு வந்து அக்கடமியில் ஆசிரியரானார். பையன்களுக்குக் கிரிக்கெட்டை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 1879-இல் காலிமுகத்திடலில் முதல் ஆட்டம் நடந்தது. இப்போது தாஜ் சமுத்திரா ஹோட்டல் நிற்கிற இடம் அது. இரண்டு அணியும் பேரை வாவியில் படகேறித் துடுப்பு வலித்து மைதானத்துக்கு வந்தன என்று சொல்வார்கள். இலங்கைத் தமிழில் கிரிக்கெட்டுக்குத் 'துடுப்பாட்டம்' என்றொரு பெயர் இருக்கிறது. அந்த முதல் நாளில் இரண்டு வகைத் துடுப்பும் பிடித்திருக்கிறார்கள்!

அந்த முதல் ஆட்டத்தில் மாணவர்களோடு ஆசிரியர்களும் சேர்ந்து ஆடினார்கள். அக்கடமி வென்றது. அடுத்த ஆண்டு, 1880-இல், மாணவர்கள் மட்டும் ஆடினார்கள். போட்டியின் எண்ணிக்கை தொடங்குவது அங்கிருந்துதான். அதனால்தான் 1979-இல் நூறாவது ஆட்டம் கொண்டாடப்பட்டது. 1879-ஐ வைத்து எண்ணினால் ஒன்று இடிக்கும், பலர் குழம்புவதும் இங்கேதான்.

ஆனால் உண்மையான குழப்பம் 1885. அந்த வருடம் ரோயல் அணி மொத்தம் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஒருவர் எடுத்தது அல்ல, பதினொரு பேரும் சேர்ந்து எடுத்தது. சென் தோமஸ் துடுப்பெடுத்தாடி நூற்றைம்பதையும் தாண்டிப் போனது. இரண்டாம் நாள் ஆட்டம் தொடரவில்லை. ஏன் தொடரவில்லை என்பதில்தான் பிரச்சினை. தோமியர்களைக் கேட்டால், எதிரணி ஆட வரவில்லை, ஆகவே வெற்றி எங்களுடையது என்பார்கள். ரோயல்காரர்களைக் கேட்டால், ஆட்டம் முடியவில்லை, முடியாத ஆட்டத்தில் வெற்றி ஏது என்பார்கள். இரண்டு பள்ளிகளும் தங்கள் தங்கள் கணக்கை அப்படியே வைத்திருக்கின்றன. இன்றைக்கும் மொத்த வெற்றிகளை எண்ணும்போது அந்த ஒரு ஆட்டம் இரண்டு ஏட்டிலும் இரண்டு விதமாக வரும். ஒவ்வொரு பக்கமும் வென்றவை முப்பதுகளின் நடுப்பகுதியில், ஒன்றிரண்டு வித்தியாசத்தில் நிற்பதால், 140 வருடம் பழைய ஒரு வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடிலெய்டில் அதே 1885-இல் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜோ டார்லிங் என்கிற பையன், வயது 14, பிரின்ஸ் அல்பிரட் அணிக்காக 252 ஓட்டங்கள் எடுத்தான். பின்னாளில் அவுஸ்திரேலிய அணித் தலைவரானவர் அவர். எட்டு வருடம் கழித்து அதே பள்ளியின் கிளெம் ஹில் 360 எடுத்தார். கொழும்பில் இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட இரட்டைச் சதம் அடித்ததில்லை. கிட்டப் போனவர் ரோயலின் சுமித்ர வர்ணகுலசூரிய, 1980-இல் 197. மூன்று ஓட்டங்கள்!

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டமாகப் பார்த்தால் ரோயல்–தோமியன் பல வருடங்களில் சலிப்பூட்டும். நடந்த ஆட்டங்களில் ஏறத்தாழப் பாதி வெற்றி தோல்வியின்றி முடிந்தவை. நீண்ட காலம் இது இரண்டு நாள் ஆட்டமாக இருந்தது. இரண்டு நாளில் நாலு இன்னிங்ஸை முடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அதோடு அணித் தலைவனாக நிற்கிற 18 வயதுப் பையனுக்குள் இருக்கிற பயத்தையும் யோசியுங்கள். வென்றால் அந்த வருடத்துக்கு நாயகன். தோற்றால், அறுபது வயதிலும் ஏதாவது கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் "நீதானே அந்த வருசம்..." என்று தொடங்குவார். அதனால் மதிய உணவுக்குப் பிறகு மட்டையைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு முட்டுக்கட்டை போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று பலர் நினைத்தார்கள். பிற்காலத்தில் மூன்று நாளாக்கியதற்கு இந்தச் சலிப்பும் ஒரு காரணம். அதற்குப் பிறகு முடிவுகள் கொஞ்சம் கூடுதலாக வருகின்றன.

ஆனால் மைதானத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பந்தைப் பார்க்கிறார்கள்? மார்ச் மாதம், வியாழன் முதல் சனி வரை. ஏப்ரல் மழைக்கு முந்தைய கொழும்பு வெயில், சட்டை முதுகோடு ஒட்டும். பல வருடம் ஓவல் மைதானத்தில் நடந்தது, இப்போது எஸ்.எஸ்.சி. எனப்படும் சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் மைதானத்தில். (அந்த ஓவல்தான் இன்று பி. சரவணமுத்து மைதானம், தமிழ் யூனியன் கழகத்தின் இடம். இலங்கையின் முதல் டெஸ்ட் 1982-இல் நடந்ததும் அங்கேயே.) பப்பரே வாத்தியம் காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது. பித்தளைக் குழலும் மேளமும் சேர்ந்து பைலா மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதும். விக்கெட் விழுந்தாலும் அதே மெட்டு, நான்கு ஓட்டம் போனாலும் அதே மெட்டு, ஒன்றுமே நடக்காவிட்டாலும் அதே மெட்டு. ரோயல் கொடி நீலமும் பொன்னும், தோமியன் கொடி நீலம், கறுப்பு, நீலம். இரண்டிலும் நீலம் இருப்பதால்தான் 'நீலங்களின் சமர்' என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் யார் எந்தப் பக்கம் என்று புரியாது.

பழைய மாணவர்களுக்குத் தனித்தனிக் கூடாரங்கள். மஸ்டாங்ஸ், கோல்ட்ஸ், ஸ்டாலியன்ஸ் என்று எல்லாம் குதிரைப் பெயர்கள். நுழைவுச் சீட்டுக்காக நடக்கிற சிபாரிசும் கெஞ்சலும் பாராளுமன்றத் தேர்தலுக்குக்கூட நடக்காது. நான் முதன்முதலாகப் போனது வேலை நிமித்தம் கொழும்பில் இருந்தபோது, ஒரு நண்பரின் தயவில். நான் வடக்கில் படித்தவன், இரண்டு பள்ளிக்கும் சொந்தக்காரன் இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், தலையில் நீலத் தொப்பி, என்னைப் பார்த்து முதல் கேள்வியாக "தம்பி எந்தப் பக்கம்?" என்றார். எந்தப் பக்கமும் இல்லை ஐயா என்றேன். உயிரோடு இருக்கிற ஒருவன் அப்படியும் இருக்க முடியுமா என்பதுபோல் பார்த்தார். அப்புறம் ஒரு சாப்பாட்டுப் பொதியை நீட்டிவிட்டு, மூன்று மணி நேரம் 1885-ஐ விளக்கினார்.

ஆட்டத்துக்கு முந்தைய வாரமும் ஒரு தனி உலகம். மாணவர்கள் சைக்கிளிலும் லொறியிலும் கொடி கட்டி ஊர்வலம் போவார்கள். தொப்பியை நீட்டிக் காசு சேர்ப்பார்கள். பெண்கள் பள்ளிக்கூடங்களின் வாசலில் போய்க் கூச்சல் போடுவார்கள், சில நேரம் மதிலும் ஏறுவார்கள். இதை எல்லாம் 'மரபு' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு. வகுப்பில் இருந்த பெண்களுக்கும் வாசலில் நின்ற காவலாளிக்கும் அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வசதியான வீட்டுப் பையன்கள் செய்தால் குறும்பு, அதையே வேறு பள்ளிக்கூடத்துப் பையன்கள் செய்தால் பொலிசார் வருவார்கள்.

அந்த வசதியின் அளவைப் புரிந்துகொள்ள அணிப் பட்டியலைப் பார்த்தால் போதும். வெல்கிற அணிக்குக் கொடுக்கும் கேடயத்துக்கே டி.எஸ். சேனாநாயக்க பெயர். நாட்டின் முதல் பிரதமரான அவர், 1900-களின் தொடக்கத்தில் தோமியன் அணியில் ஆடியவர். அவர் மகன் டட்லியும் அங்கே ஆடி, பிறகு பிரதமரானார். பின்னாளில் ஜனாதிபதியான ஜே.ஆர். ஜெயவர்தன 1925-இல் ரோயலுக்கு ஆடினார். இன்னொரு பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சென் தோமஸ் மாணவர். தந்தை செல்வநாயகமும் அங்கே படித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1957-இல், தமிழருக்கு அதிகாரப் பகிர்வு தருவதாகச் சொன்ன பண்டா–செல்வா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இருவருமே தோமியர்கள். அதை எதிர்த்துக் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்ட ஜே.ஆர். பழைய ரோயல் வீரர். இதை வைத்துக் கிரிக்கெட்டால்தான் நாடு கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தீவின் விதியைப் பேசிய ஆட்கள் எவ்வளவு சின்ன வட்டத்திலிருந்து வந்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

எஃப்.சி. டி சேரம் கதை இன்னும் விசித்திரம். ரோயலில் ஆடி, ஒக்ஸ்போர்டுக்குப் போய், 1934-இல் அவுஸ்திரேலியர்களுக்கு எதிராக 128 எடுத்தவர். திரும்பி வந்து இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். 1962-இல் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் செய்த சதி முயற்சியில் முக்கிய புள்ளியாகப் பிடிபட்டார். பிறகு வெளியில் வந்து பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தார்.

சர்வதேச ஆட்டத்துக்குப் போனவர்களில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். தோமியரான துலிப் மெண்டிஸ் 1972-இல் இந்தப் போட்டியில் 184 எடுத்தார். பத்து வருடம் கழித்து சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் 105, 105 என்று அச்சு வார்த்ததுபோல் அடித்தவர் இவர்தான், சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. நூறாவது ஆட்டத்தில் ரோயலின் தலைவராக இருந்தவர் ரஞ்சன் மடுகல்ல. பிறகு டெஸ்ட் ஆடி, உலகமெல்லாம் சுற்றுகிற ஆட்ட நடுவராகி, வீரர்களுக்கு அபராதம் போட்டார். ஆனால் அண்மைக் காலத்தில் இலங்கை அணிக்கு ஆள் கொடுப்பது வேறு பள்ளிகள். ஆனந்தா–நாலந்தா ஆட்டத்திலிருந்து அர்ஜுன ரணதுங்கவும் ரொஷான் மகாநாமவும் வந்தார்கள், கண்டியின் சென் அன்ரனிஸிலிருந்து முரளிதரன், டிரினிட்டியிலிருந்து சங்கக்கார. ரோயல்–தோமியன் இன்று பெரிதாக இருப்பது அதன் கிரிக்கெட்டால் அல்ல.

பின் எதனால் நிலைத்தது? எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஒன்று, அதை நிறுத்திய அதிபர் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது என்று ஒவ்வொரு அதிபரும் நினைத்தார். இரண்டாம் உலகப் போரில் இரண்டு பள்ளிகளின் கட்டடங்களையும் இராணுவம் எடுத்துக்கொண்டது. சென் தோமஸின் ஒரு பகுதி மலைநாட்டில் குருதலாவைக்குப் போனது. அப்போதும் ஆட்டம் நடந்தது. வருடம் ஏற ஏற, விடாமல் நடந்தது என்பதே விடாமல் நடத்துவதற்கான காரணம் ஆகிவிட்டது. இன்னொன்று, யாரும் யாரையும் முழுதாக வெல்லவில்லை. ஒரு பக்கம் அறுபது, மறுபக்கம் பத்து என்று போயிருந்தால் எப்போதோ படுத்திருக்கும். காலியில் ரிச்மண்ட், மகிந்த கல்லூரிகளின் போட்டிக்குக் காதலர் சண்டை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதற்கு ஊடல் என்று ஒரே சொல் இருக்கிறது. ரோயல்–தோமியனுக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது காரணம் கொழும்பில் வாழ்கிறவர்கள் யோசிக்காதது. உள்நாட்டுப் போர் அந்த மைதானத்துக்கு வரவில்லை. குண்டுகள் கொழும்பிலும் வெடித்தன, உண்மைதான். ஆனால் மார்ச்சில் மூன்று நாள் பப்பரே ஊதுவதற்கு இடம் இருந்தது. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடுகின்றன. 'வடக்கின் பெரும் போர்' என்பது அதற்குப் பெயர். போர் என்ற சொல்லை விளையாட்டாக வைத்தவர்கள், உண்மையான போர் வந்து அந்த மைதானத்தின் விளிம்பில் உட்காரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மத்திய கல்லூரி மைதானத்துக்கும் கோட்டைக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான். 1990-இல் இராணுவம் இருந்த கோட்டையைப் புலிகள் முற்றுகையிட்டபோது அந்தப் பகுதியில் ஆளே இருக்க முடியவில்லை. சில வருடங்கள் ஆட்டம் நடக்கவில்லை. அதனால் அங்கே வருடத்தைக் கழித்துப் பார்த்தால் ஆட்ட எண் பொருந்தாது. கொழும்பில் ஒரு வருடத்தைப் பற்றிச் சண்டை, இங்கே காணாமல் போன வருடங்களைப் பற்றிச் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை.

இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது இரண்டாவது. புல் ஆடுகளம் இல்லை, மற்றிங் என்கிற பாயை விரித்து ஆணி அடித்துத்தான் பல காலம் ஆடினார்கள். அதில் பந்து எழும்பும் விதமே வேறு, முழங்காலுக்கு என்று நினைத்தது நெஞ்சுக்கு வரும். பப்பரே இங்கும் உண்டு, வெயில் கொழும்பைவிட மோசம். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மார்ச்சுக்கென்றே லீவு எடுத்து வருகிற அண்ணன்மார் வேலியோரம் நின்று, இப்போது ஆடுகிற பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாமல், "அடியடா தம்பி!" என்று கத்துவார்கள். கடைசியாகப் போனபோது அப்படி ஒருவர் என்னிடம் எந்த ஓவர் என்று கேட்டார். சொன்னேன். "நான் படிச்ச வருசம் மட்ச் நடக்கேல்ல" என்றுவிட்டு மறுபடி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.